மாத்திரையை எண்ணியவர்கள்

ஒரு திட்டம் வெற்றி என்று அறிக்கை எழுதுகிறார்கள். தோல்வி என்றும் எழுதுகிறார்கள். யாரைக் கேட்டு எழுதினார்கள் என்பதை மட்டும் நாம் கேட்பதில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, கெட்டி அட்டை போட்டிருக்கிறது, ஜெனீவாவிலோ வாஷிங்டனிலோ அச்சாகியிருக்கிறது, அதனால் உண்மையாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். குடும்பக் கட்டுப்பாடு, தாய்சேய் நலம், இனப்பெருக்க ஆரோக்கியம், பாலின சமத்துவம் என்று அவ்வப்போது பெயரை மாற்றிக்கொண்டு சேரிக்குள் வந்துபோன வெளிநாட்டுப் பணத்துக்கு எழுபது வருஷ வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அதன் மதிப்பீடுகள் வழியாகவே படித்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

பஞ்சாபில் லூதியானா மாவட்டத்தில் கன்னா என்றொரு தானியச் சந்தை ஊர். அதைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு 1953-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியிலிருந்து ஆட்கள் வந்து இறங்கினார்கள். பணத்தில் பெரும்பங்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளையுடையது, ஒத்துழைப்பு இந்திய அரசுடையது. கருத்தடைச் சாதனத்தைக் கையில் கொடுத்தால் கிராமத்து ஜனங்கள் பிள்ளை பெறுவதைக் குறைத்துக்கொள்வார்களா என்று சோதிப்பதுதான் நோக்கம். ஏழு ஊர்களில் ஏறத்தாழ 8,000 பேரைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மாத்திரை கொடுக்காத ஊர்களும் இருந்தன. மாதாமாதம் வீட்டுக்கு ஆள் வந்தது. மாதவிலக்கு எப்போது வந்தது, புருஷனோடு எப்போது படுத்தாய், வயிற்றில் இருக்கிறதா, பிறந்தது இருக்கிறதா செத்ததா, எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, பெண்கள் உள்ளே வைத்துக்கொள்கிற நுரை மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1960 வரை இது நடந்தது.

ஜனங்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. வீடு தேடி வந்தவரை எப்படி வேண்டாமென்பது? வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேட்டபோது தலையாட்டினார்கள். நோட்டில் ‘ஏற்றுக்கொண்டார்’ என்று பதிவாயிற்று. 1969-ல் திரும்ப வந்து பார்த்தபோது பிறப்பு விகிதம் குறைந்துதான் இருந்தது, ஆனால் மாத்திரை கொடுக்காத ஊர்களிலும் குறைந்திருந்தது. பெண்களுக்குக் கல்யாணமாகிற வயது ஏறியிருந்ததுதான் முக்கியக் காரணம். ஆராய்ச்சியை நடத்திய ஜான் வையனும் ஜான் கார்டனும் 1971-ல் தடிமனான புத்தகமாகப் போட்டார்கள். மருத்துவக் கணக்கெடுப்பு என்கிற முறையில் அது இன்றைக்கும் மதிக்கப்படுகிற புத்தகம்தான். எத்தனை குழந்தை எதனால் செத்தது என்பதை அவ்வளவு நுணுக்கமாக அந்தக் காலத்தில் வேறு யாரும் எழுதவில்லை.

அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருவர் அந்த ஊர்களில் ஒன்றுக்குப் போனார். மஹ்மூத் மம்தானி. உகாண்டாவில் வளர்ந்த இந்திய வம்சாவளி, அப்போது அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். போன ஊர் மானுப்பூர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த ஜனங்கள் ஏன் பிள்ளை பெறுகிறார்கள்? ஆறேழு வருஷம் மாதாமாதம் வீடு வீடாகப் போனவர்கள் கேட்காத கேள்வி இது. அறியாமையால் பெறுகிறார்கள், சொல்லிக் கொடுத்தால் நிறுத்திவிடுவார்கள் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டு வந்தவர்களுக்கு அதைக் கேட்க அவசியம் வரவில்லை. மம்தானி ஒரு வீட்டில் அந்த மாத்திரைகளைப் பார்த்தார். பெட்டி பெட்டியாக அடுக்கி ஒட்டிச் சிற்பம்போல ஆக்கி வைத்திருந்தார்கள். தண்ணீர் சுமக்கிற சாதியைச் சேர்ந்த ஒருவர், மம்தானியை அந்தப் பழைய ஆராய்ச்சிக்காரர் என்றே நினைத்துக்கொண்டு, அன்றைக்கு நீ பிள்ளை வேண்டாமென்றாய், இன்றைக்குப் பார், பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்கிற பொருளில் பேசி அனுப்பியிருக்கிறார்.

1972-ல் வந்த மம்தானியின் புத்தகத்தின் துணைத்தலைப்பிலேயே குடும்பம், சாதி, வர்க்கம் மூன்றும் இருக்கின்றன. வெளிநாட்டுக் குடும்பநலத் திட்டமொன்றை மதிப்பிட்ட எழுத்தில் சாதியை இப்படி முன்னே நிறுத்தியது அன்றைக்கு அபூர்வம். நிலம் ஜாட்டுகளுடையது, வேலை தீண்டத்தகாதவர்களுடையது. நிலமுள்ளவனுக்கு மகன்கள் இருந்தால் கூலியாள் வைக்க வேண்டாம். நிலமில்லாதவனுக்கு மகன்கள்தான் கூலி. டிராக்டர் வாங்க முடிந்த மேல்தட்டு ஜாட்டுக்குப் பிள்ளை குறைவது லாபம், சமாருக்கு அது பட்டினி. வறுமை வருவது பிள்ளையால் அல்ல, பிள்ளை வருவதுதான் வறுமையால் என்று அவர் தலைகீழாகப் புரட்டிக் காட்டினார். நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் புத்தகத்தை மூடிய பிறகு காதில் நிற்கிற குரல்களெல்லாம் ஆம்பளைக் குரல்கள். உட்கார்ந்து சாப்பிடுகிற அப்பனின் பேச்சு இருக்கிறது. அத்தனை பேரையும் வயிற்றில் சுமந்து, பெற்று, பால் கொடுத்து, அடுத்த மாதமே களையெடுக்கப் போனவளின் பேச்சு எங்கே? பிள்ளை பெறுவது குடும்பத்துக்கு நியாயமான கணக்கு என்றால் அந்தக் கணக்கின் முதலீடு யாருடைய உடம்பு? ஹார்வர்டுகாரர்கள் அவளிடம் மாதவிலக்குத் தேதியைக் கேட்டார்கள். அவர்களை மறுக்க வந்தவர் அவள் புருஷனிடம் பொருளாதாரம் கேட்டார்.

1984-ல் மோனிகா தாஸ் குப்தா அதே கன்னா கிராமங்களுக்குப் போய் மறுபடியும் கணக்கெடுத்தார். 1987-ல் எழுதிய கட்டுரையில் அவர் காட்டியது இன்னும் கசப்பானது. பெண் குழந்தைகள் பொதுவாகச் சாகவில்லை. ஏற்கெனவே அக்கா ஒருத்தி உயிரோடிருக்கிற வீட்டில் பிறந்த பெண் குழந்தைதான் அதிகமாகச் செத்தது. தாய் படித்திருந்தாலும் அது மாறவில்லை. பிள்ளை எண்ணிக்கை குறையக் குறைய, இருக்கிற இடத்தில் மகன் வேண்டும் என்கிற அழுத்தம் கூடியது. முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரெல்லாமோ வேண்டுமென்று தவம் கிடந்த அந்தக் குறைந்த பிறப்பு விகிதம் வந்து சேர்ந்தபோது, அது இப்படித்தான் வந்தது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டவர் ‘வெற்றி’ என்று எழுதலாம். இங்கே நம் பக்கம் உசிலம்பட்டியையும் சேலத்தையும் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பிறப்பு விகிதக் குறைப்பில் முன்மாதிரி என்று தமிழ்நாடு கொண்டாடப்பட்ட அதே 1992-ல்தான் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது.

கருத்தடையே வெள்ளைக்காரன் கொண்டுவந்து திணித்தது, நம் ஜனங்கள் அதற்கு எதிர் என்று சிலர் பேசுகிறார்கள். இடதுசாரித் தோழர்களிலும் உண்டு. இது வரலாறு தெரியாத பேச்சு. 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டசபையில் கருத்தடை வசதிகளை அரசே செய்துதர வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தது அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. கட்சியின் உறுப்பினர் பி.ஜே. ரோஹம் முன்மொழிந்தார். பிரசவ வலியை ஆண் படவேண்டியிருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வான் என்கிற வாதம் அந்த உரையில் இருக்கிறது. தீர்மானம் தோற்றது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1928-ல், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்குப் பேறுகால உதவி கொடுக்கும் மசோதாவை அம்பேத்கர் மேலவையில்லாத அந்தப் பழைய பம்பாய்க் கவுன்சிலில் ஆதரித்துப் பேசியிருந்தார். இங்கே பெரியார், மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் கர்ப்பத்தடையை ஆதரிக்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காக ஆதரிக்கிறோம் என்று பிரித்துக் காட்டினார். அதே காலத்தில், 1928-ல், மதராஸில் நவ மால்தூசியன் லீக் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். நீதிபதிகளும் வக்கீல்களும் கூடிய சபை. அவர்களுக்கும் கருத்தடை வேண்டியிருந்தது, ஆனால் அது யாருக்காக என்பதுதான் வேறு. நம் தரப்பு கேட்டது பெண்ணுக்கு உரிமை. அவர்கள் கேட்டது ஜனத்தொகைக்குக் கடிவாளம். சுதந்திரத்துக்குப் பிறகு எந்தத் தரப்பு அரசுக் கொள்கையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1951 சென்சஸ் கமிஷனராக இருந்த ஆர்.ஏ. கோபாலசுவாமி, ஏற்கெனவே மூன்று பெற்று அதில் ஒன்றாவது உயிரோடிருக்கிற தாய் மறுபடி பெற்றால் அதற்கு ‘பொறுப்பற்ற தாய்மை’ என்கிற பொருள்படும் ஒரு ஆங்கிலப் பெயர் வைத்தார். கோடிக்கணக்கான தாய்மார்களுக்கு ஒரே அட்டவணையில் ஒரு வசவு. அவரே பின்னால் சென்னை ராஜ்யத்தின் தலைமைச் செயலாளர் ஆனார். ஆபரேசன் செய்துகொள்கிற ஏழைக்குக் கையில் ரொக்கம் கொடுக்கிற முறையை 1956-ல் இந்தியாவில் முதலில் கொண்டுவந்ததும் சென்னை ராஜ்யம்தான். பிறகு ஆள் பிடித்து வருபவருக்கும் காசு என்றானது. ஏழைக்குத்தான் காசு என்று சட்டத்திலேயே இருந்தது. அந்த ஏழை எந்தத் தெருவில் இருந்தான் என்று சட்டம் சொல்ல வேண்டியதில்லை, ஆள் பிடிப்பவனுக்குத் தெரியும்.

இனி 1965. நம் கண்ணில் இதுதான் முக்கியமான வருஷம். ஐக்கிய நாடுகள் சபையிலிருந்து ஒரு ஆலோசனைக் குழு இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மதிப்பிட வந்தது. லூப் அப்போதுதான் வந்திருந்தது, பெண்ணின் கருப்பைக்குள் வைக்கிற பிளாஸ்டிக் வளையம். குழு என்ன பரிந்துரைத்தது தெரியுமா? குடும்பக் கட்டுப்பாட்டு இயக்ககத்தைத் தாய்சேய் நலம், ஊட்டச்சத்து போன்ற மற்றப் பொறுப்புகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. அதாவது பிரசவத்தில் சாகிற பெண்ணைப் பார்ப்பது வேலைக்கு இடைஞ்சல். சத்தில்லாமல் சாகிற பிள்ளையைப் பார்ப்பதும் இடைஞ்சல். அந்தச் சமயம் பஞ்சம், அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடு நின்றது. ஜனத்தொகையைக் குறைக்கப் போடுகிற ஐந்து டாலர், வளர்ச்சிக்குப் போடுகிற நூறு டாலருக்குச் சமம் என்று ஜனாதிபதி ஜான்சன் பேசியதும் 1965-ல்தான். லூப் வைத்த பெண்கள் ரத்தப்போக்கோடு திரும்பி வந்தபோது பார்ப்பதற்கு ஆள் இல்லை. ஆளை வேறு வேலைக்கு விடக்கூடாது என்று மதிப்பீட்டில் எழுதியிருக்கிறதே. சத்துக் குறைந்து சோகை பிடித்த உடம்புக்கு அந்த உதிரப்போக்கு என்ன செய்யும் என்பது கூலிவேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். லூப் திட்டம் இரண்டொரு வருஷத்தில் படுத்தது. ஜனங்களிடம் வதந்தி பரவிவிட்டது என்று காரணம் எழுதினார்கள். ரத்தம் வதந்தி ஆயிற்று.

1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63,418 ஆண்களுக்கு ஆபரேசன். ஊர்வலம், கலைநிகழ்ச்சி, அரிசி, துணி, ரொக்கம். உலகமெல்லாம் இதைச் சாதனை என்று எழுதியது. நான் படித்தவற்றில் ஜூலை என்றால் கர்க்கடக மாதம் என்று யாரும் நிறுத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. மழை கொட்டுகிற, கூலிவேலை கிடைக்காத மாதம். மலையாளத்தில் அதற்குப் பஞ்ச மாதம் என்றே பேர். அந்த மாதத்தில் அரிசிப்பை கொடுத்தால் வரிசை நீளாமல் என்ன செய்யும்?

நெருக்கடி நிலையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கு மேல் ஆபரேசன், ஷா கமிஷன் கணக்கில் 1,774 சாவு. அந்த ஓட்டத்தின் நடுவில், 1976 நவம்பரில், உலக வங்கித் தலைவர் மக்நமாரா டெல்லிக்கு வந்து, இந்தியா கடைசியில் வழிக்கு வந்துவிட்டது என்கிற தோரணையில் பாராட்டிவிட்டுப் போனார். டெல்லியில் மறுகுடியேற்றப் பகுதிகளில் எம்மா டார்லோ பின்னாளில் செய்த ஆய்வில், வீட்டுமனை நிலைக்க ஆபரேசன் சான்றிதழ் கேட்டதும், முதல் நெருக்கடி துப்புரவுப் பணியாளர் போன்ற கடைநிலை அரசு ஊழியர்கள் மேல் விழுந்ததும் பதிவாகியிருக்கின்றன. தோட்டி வேலை செய்தவனைத்தான் முதலில் பிடித்தார்கள். சம்பளம் அவர்கள் கையில் இருந்ததல்லவா.

1977-ல் ஆம்பளைகள் ஓட்டுப்போட்டு ஆட்சியையே கவிழ்த்துவிட்டார்கள் என்கிற பயம் எல்லாக் கட்சிக்கும் வந்தது. அதற்குப் பிறகு கத்தி பெண் பக்கம் திரும்பியது. பெண்களும்தான் ஓட்டுப் போட்டார்கள், ஆனால் அவர்கள் கோபத்துக்கு யாரும் பயப்படவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேசன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஆபரேசன் 0.3 சதவீதம். பாலின சமத்துவம் என்று எத்தனை கருத்தரங்கு நடத்தினாலும் இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

1994-ல் கெய்ரோ மாநாடு. 179 அரசுகள். ஜனத்தொகைக் கட்டுப்பாடு என்கிற பேச்சை விட்டு இனப்பெருக்க ஆரோக்கியம், பெண்ணின் உரிமை என்று பேசத் தொடங்கினார்கள். பெண்கள் இயக்கங்கள் போராடி வாங்கிய மாற்றம் அது, குறைத்துச் சொல்ல மாட்டேன். இந்தியாவில் 1996-ல் இலக்கு முறையை எடுத்துவிட்டதாக அறிவித்தார்கள். எடுத்தது காகிதத்தில். 2012 ஜனவரி 7-ஆம் தேதி பீகாரில் அராரியா மாவட்டத்தில் கபர்ஃபோரா என்கிற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இரண்டு மணிநேரத்தில் 53 பெண்களுக்கு ஒரே டாக்டர் ஆபரேசன் செய்தார். ராத்திரி, டார்ச் வெளிச்சம். அந்த ஜூலையில் லண்டனில் பிரிட்டிஷ் அரசும் கேட்ஸ் அறக்கட்டளையும் கூட்டிய மாநாட்டில், ஏழை நாடுகளில் 2020-க்குள் இன்னும் 12 கோடிப் பெண்களைக் கருத்தடைக்குள் கொண்டுவருவது என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு என்கிற சொல் போய்விட்டது என்று நம்பியிருந்தவர்களுக்கு அது விமானம் ஏறித் திரும்பி வந்தது. 2014 நவம்பர் 8-ல் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கம், மூடிக்கிடந்த ஒரு ஆஸ்பத்திரியில் 83 பெண்களுக்கு ஒரே டாக்டர், ஒரே லேப்ராஸ்கோப். அந்த வார முகாம்களில் ஆபரேசன் ஆனவர்களில் 13 பேர் செத்தார்கள். தலித், பழங்குடி, பிற்பட்ட சாதி ஏழைப் பெண்கள். அந்த டாக்டர் 50,000 ஆபரேசன் செய்ததற்காக அதே வருஷம் அரசிடம் பாராட்டு வாங்கியவர். அவரை மதிப்பிட்டவர்களும் எண்ணித்தான் மதிப்பிட்டார்கள்.

கபர்ஃபோரா விஷயத்தை உச்சநீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் தேவிகா பிஸ்வாஸ் என்கிற ஒரு பெண்மணி. 2016 செப்டம்பர் 14 தீர்ப்பு, மூன்று வருஷத்துக்குள் முகாம்களை நிறுத்தச் சொன்னது. 2010 முதல் 2013 வரை ஆபரேசனால் 363 பேர் செத்ததாக அந்த வழக்கில் பதிவாகியிருக்கிறது. எந்த மதிப்பீட்டுக் குழுவும் செய்யாத மதிப்பீடு அது.

ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: இந்தியாவில் தலித் பெண் சாகிற சராசரி வயது, மேல்சாதிப் பெண்ணைவிட 14.6 வருஷம் குறைவு. 39.5-க்கும் 54.1-க்கும் உள்ள வித்தியாசம். பழைய கணக்கெடுப்பு விவரங்களிலிருந்து எடுத்தது. அந்த விவரம் அரசிடம் அதுவரை இல்லாமலா இருந்தது? சாதிக் கட்டம் படிவத்தில் இருந்துகொண்டேதான் இருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் ஆனது.

படிவம் என்றதும் ஞாபகம் வருகிறது. எம்.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தபோது, வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு திட்டத்தின் மதிப்பீட்டுக்காகக் கேள்வித்தாள் நிரப்புகிற வேலைக்குப் போனேன். ஒரு நாள் எங்கள் சேரியிலேயே கேட்க வேண்டியிருந்தது. எங்கள் அம்மாவும் பட்டியலில் வந்துவிட்டது. ‘கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதற்குக் காரணம்’ என்று கேள்வி. போதிய குழந்தைகள் உண்டு, உடல்நலம், கணவர் விருப்பம், சுகாதாரப் பணியாளர் அறிவுரை, மற்றவை.

அம்மா என்னை ஒரு தினுசாகப் பார்த்தது. “தெரியாத மாதிரி கேக்குற. அந்த வருசம் மழையில செவுரு வுழுந்துடுச்சி. நர்சம்மா வந்து பேரு எழுதிக்கினு போச்சி. காசு குடுத்தாங்க, கீத்து வாங்கிப் போட்டோம். மூணா நாளே நாத்து நடப் போனேன், தையலு பிரிஞ்சி சீழு வெச்சிக்கிச்சி. அதையும் எழுது.”

‘மற்றவை’க்குப் பக்கத்தில் ஒரு அங்குலக் கோடுதான் இருந்தது. ‘செவுரு’ என்று எழுதினேன், கொஞ்சம் பொடியாக ‘கீத்து’ என்றும் எழுதினேன். சீழுக்கு இடமில்லாமல் ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டேன். சாயங்காலம் மேற்பார்வையாளர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஓரத்தில் எழுதினால் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளாது தம்பி என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் அதன் மேல் 96 என்று போட்டார். ‘மற்றவை’க்கு அதுதான் எண்.